ஒவ்வொன்றாக அனுப்புகிறேன்

எடை ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலையால் மட்டும் வந்த பெயரல்ல அது. வைத்த இடத்தில் இருப்பார், வாயைத் திறக்க மாட்டார். மனைவி பிரிந்து போன வருடத்தில்கூட ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை புலம்பியதில்லை. "மனுஷன் கல்லுய்யா" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லை அசைத்தது மகளிடமிருந்து வந்த ஒரு செய்தி. அவள் வேறு ஊரில், கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு ஒரு நன்றி, பரீட்சை முடிந்ததென்று ஒரு வரி. அதுவரை அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

"அப்பா, ரூம்ல எல்லாரும் சின்ன வயசு போட்டோவா சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. என் பக்கம் மட்டும் வெறும் சுண்ணாம்பு. அம்மாகிட்ட ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து மனைவி தன் ஃபோனில் எடுத்த படங்கள் அத்தனையும் இருந்தன. எடுத்த கையோடு அவருடைய லேப்டாப்பிலும் வந்து விழும்படி, இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரை மனைவியே அமைத்து வைத்திருந்தாள். "நீங்க வீட்டுக்கு வர்றப்போ அவ தூங்கிடறா. இதுலயாவது பாருங்க" என்பாள். பிறகு பார்க்கலாம் என்று பார்க்காமலே விட்ட படங்கள்தான் அதிகம். மனைவியும் மகளும் பிரிந்து போன கொஞ்ச நாளில் லேப்டாப்பின் வைஃபை செத்தது. இனி யாரிடமிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"நிறைய இருக்கு. ஒவ்வொண்ணா அனுப்பறேன்" என்று பதில் எழுதினார்.

"ஒரே அடியா தள்ளி விடுங்கப்பா!"

"தினம் ஒண்ணு. அதோட கதையும் சொல்றேன்."

"சீரியலாப்பா? விளம்பர இடைவேளை எல்லாம் விட்டுடாதீங்க" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை முகங்களை வரிசையாக அனுப்பினாள்.

அந்த முகங்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நன்றிப்பா என்று ஒரு வரி வரும். பிறகு அடுத்த பிறந்தநாள் வரைக்கும் ஒன்றும் இருக்காது. கையில் இருக்கும் சரக்கு இது ஒன்றுதான். அதை நிறுத்து நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது ரிப்பேர் கடை. நடத்துகிறவள் ஒரு பெண். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"சார், இது மியூசியத்துக்குப் போக வேண்டியது. வழி தெரியாம இங்க வந்துடுச்சு."

"வைஃபை வேணும்."

"டச்பேட் அவுட். யூஎஸ்பில ஒண்ணுதான் உயிரோட இருக்கு, அதுல மவுஸ் குத்தியாகணும். அப்ப வெளிய குத்தற வைஃபை டாங்கிளுக்கு இடமில்ல. உள்ளதான் கார்டு போடணும்."

அடிமூடியைக் கழற்றி, கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்த இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்களை இடுக்கியால் எடுத்து, புதிய கார்டின் தலையில் நகத்தால் அழுத்தினாள். லேப்டாப் திறக்க மறுத்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: இந்தக் கார்டு செல்லாது.

"இந்தக் கம்பெனி மாமியார் மாதிரி சார். தன் பக்கத்து ஆளைத் தவிர யாரையும் சமையலறைக்குள்ள விடமாட்டா" என்றாள். அதே கம்பெனியின் உடைந்த லேப்டாப் ஒன்றிலிருந்து பழைய கார்டைப் பிடுங்கிப் பொருத்தினாள். இப்போது வாய்மூடி ஏற்றுக்கொண்டது. "எதுக்கு சார் இவ்வளவு பாடு?"

"மகளுக்குப் போட்டோ அனுப்பணும்."

"அட, அதுக்கா? ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்துடறேன். நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

"வேண்டாம்."

"ஒரு காப்பி இருந்தா நல்லதுதானே சார்?"

"வேண்டாம்மா. வைஃபை மட்டும் போதும்."

அதற்குள் அவள் ஃபோல்டரைத் திறந்திருந்தாள். திரை முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்கள். "குட்டி என்னமா சிரிக்கறா!" என்று குனிந்தாள். அவர் கையை நீட்டி மூடியைச் சாத்தினார். முதலில் பார்க்க வேண்டியது அவரும் மகளும். பென் டிரைவில் ஏறிவிட்டால் அது ஊர்ச்சொத்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தார். மாடி வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய பாஸ்வேர்டைப் போட்டதும் மூலையில் வைஃபை குறி எரிந்தது. "லைன் வந்தாச்சு. இன்னைக்கு முதல் போட்டோ" என்று மகளுக்கு எழுதினார். "நான் ரெடி" என்று உடனே பதில் வந்தது.

பொது ஃபோல்டரின் மேல் ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஒரு பெரிய எண். அது குறைந்துகொண்டே வந்தது. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த இயந்திரம் பாக்கி வேலையை முடிக்கிறது என்று நினைத்தார். தராசு முள் ஆடும்போது கை வைக்கக் கூடாது, அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் வேலையின் முதல் பாடம். அவசரப்பட்டுத் தட்டில் விரல் வைத்த கடைக்காரர்களை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எண் இறங்குவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

வட்டம் நின்றது. பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. திறந்தார். இந்த ஃபோல்டர் காலியாக உள்ளது என்றது திரை.

மூடித் திறந்தார். அணைத்துப் போட்டார். பொழுது சாயும்வரை அப்படியே ஓட விட்டுப் பார்த்தார். மறுநாள் ரிப்பேர் கடையில் அந்தப் பெண் லேப்டாப்பை ஆராய்ந்துவிட்டு முதன்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"இந்த ஃபோல்டர் உங்களுது மட்டும் இல்ல சார். ரெண்டு பேருக்கும் பொது. அந்தப் பக்கம் பல வருஷம் முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. இதுக்கு லைன் இல்லாததால சேதி வந்து சேரல. நேத்து வந்துச்சு, சொன்னபடி இங்கயும் அழிச்சுடுச்சு."

"திரும்ப எடுக்க முடியாதா?"

முயன்று பார்த்தாள். ஆனால் லைன் கிடைத்ததும் லேப்டாப் பல வருட அப்டேட்டுகளை இழுத்துப் போட்டிருந்தது. படங்கள் இருந்த இடத்தில் அவை ஏறி உட்கார்ந்திருந்தன. மீண்டவை ஒரு சில. ஒன்றில் மேலே கொஞ்சம் கூரை, கீழே முழுக்கச் சாம்பல். இன்னொன்றில் ஒரு குழந்தையின் உச்சந்தலை, அதன் கீழ் சாம்பல். காப்பி எடுக்கச் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் ஒரு வாக்கியம் அவருக்கு அகப்பட்டது. உங்கம்மாதான் அழிச்சா. பொய்யில்லை. அதை வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தார். கசப்புக்கு நடுவில் கொஞ்சம் இனித்தது.

அவர் கூப்பிடுவதற்கு முன் மகளே கூப்பிட்டாள். "என்னப்பா, முதல் நாளே எபிசோட் கேன்சலா?"

"போட்டோ எதுவும் இல்லம்மா. உங்கம்மா அழிச்சுட்டா. எல்லாத்தையும், அப்பவே. இப்ப லைன் வந்ததும் இங்கயும் போயிடுச்சு."

"அம்மா அழிச்சது எனக்குத் தெரியும்ப்பா. அவங்களே சொன்னாங்க, கோவத்துல அழிச்சுட்டேன்னு. ஆனா உங்கப்பா எதையும் தூக்கிப் போடற ஆள் இல்ல, கண்டிப்பா தனியா ஒண்ணு எடுத்து வெச்சிருப்பார், அவரைக் கேளுன்னாங்க. அதனாலதான் கேட்டேன்." பிறகு கேட்டாள். "தனியா எடுத்து வைக்கலையா?"

அவர் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"யாரும் சொல்லலையா, ஒரு காப்பி எடுத்து வைங்கன்னு?"

"போட்டோ போனா என்ன" என்றார் அவசரமாக. "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்."

"சொல்லுங்க."

"மழை நாள். மஞ்சள் கவுன் போட்டிருப்ப. வாசல்ல தேங்கின தண்ணில ஒரு செருப்போட நிக்கற. இன்னொரு செருப்பு மிதந்து போகுது, நீ அதைப் பார்த்து..."

"அப்பா, அது நான் இல்ல. அத்தை பொண்ணு. அந்தப் போட்டோ அத்தை வீட்டு ஹால்ல பெருசா மாட்டியிருக்கு."

"அப்படியா?"

"ஆமாம்ப்பா." அவள் குரலில் கோபம் இல்லை. "பரவால்ல. வேற சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைத் திரையில் பார்த்த சதுரங்கள் தெரிந்தன. ஒன்றுகூடப் பெரிதாகவில்லை. எதில் சிரித்தாள், எந்தச் சட்டை, எந்தப் பல் விழுந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. இத்தனை நேரம் மௌனமாக இருந்தால் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மனைவி அப்படித்தான் செய்வாள். மகள் செய்யவில்லை.

"மெதுவா யோசிங்கப்பா. இன்னைக்கு எனக்கு கிளாஸ் இல்ல" என்றாள்.