அஞ்சு வருஷம்

பகல் பன்னிரண்டு மணிக்கு வெண்மதி அப்பாவின் கார்ச் சாவியைத் திருகினாள். டக் என்றது. மறுபடி திருகினாள். அதுவும் இல்லை.

பந்தலில் பறையடித்தவர்கள் நிறுத்திவிட்டுக் காரைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா," என்றார் சின்னையன் மாமா. முந்தின இரவு கரண்டு போனதும் காரின் முன்விளக்கைப் போட்டுவிட்டவர் அவர். அந்த வெளிச்சத்தில் தெருவே விடியவிடிய ஆடியது. அப்பாவுக்கு எண்பத்தாறு. கொள்ளுப்பேரன் பார்த்தவர். கல்யாணச் சாவு. மாமாவுக்குத்தான் ஆடி ஆடி இடுப்பு பிடித்துக்கொண்டது.

"தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போயிடலாம்க்கா," என்றார் மாமா, அம்மாவிடம்.

"அவரு காரத் தள்றதா?" அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடி அம்மா சொன்னாள். "கார் ஓடுனாத்தான் எடுக்கணும்."

பாடைக்குப் பின்னால் அந்தக் காரில்தான் வருவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

வெண்மதியும், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அண்ணன் ராஜவேலும் பேட்டரியைக் கழற்றி பைக்கில் கொண்டுபோனார்கள். கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"செல் போயிடுச்சுங்க. சார்ஜ் ஏறாது. புதுசுதான் போடணும்."

மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்தார்.

"வாரண்டி இது ஒன்னரை வருஷம். இது மூணு. இது அஞ்சு."

"ஒன்னரை வருஷமே ஜாஸ்தி," என்றான் ராஜவேல். "கருமாதி முடிஞ்சதும் காரக் குடுத்துடப் போறோம். அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அம்மாவக் கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

வெண்மதி போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் பறைச்சத்தம் வந்தது. பிறகு அம்மா.

"அண்ணன் ஒன்னரை வருஷ பேட்டரி போதுங்குதும்மா."

"வேற என்னா இருக்கு?"

"மூணு. அஞ்சு."

"அஞ்சு போடு."

"யம்மா," ராஜவேல் போனை நோக்கிக் குனிந்தான். "அப்பாவே இல்ல. காருக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்டா."

கடைக்காரர் அவனைப் பார்க்காமல் மற்ற இரண்டையும் அலமாரியில் ஏற்றினார்.

பைக்கை எடுக்கும்போது ராஜவேல் கேட்டான்.

"யாரு ஓட்டுவாங்களாம்?"

"நான்."

"அப்ப தெரு நாய்ங்களுக்கெல்லாம் சொல்லி வெக்கணும்."

அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.

முதல் திருகலிலேயே கார் கிளம்பியது. பறை எழும்பியது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி ஆடினார். அம்மா முன்சீட்டில் ஏறி, கதவைத் தானே சாத்தினாள்.

தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். அதற்குமேல் ஆண்கள் மட்டும். கடைசிச் சரவெடி ஓய்ந்தது. பூ இறைந்த ரோட்டில் பறைச்சத்தம் சுடுகாட்டுப் பக்கம் திரும்பி மெலிந்தது.

"எறங்குங்க அண்ணி." அப்பாவின் தங்கை ரத்தினம்மாள் கார்க்கதவைத் திறந்தாள். "தலைக்கு ஊத்தணும்."

அம்மா கதவை இழுத்து மறுபடி சாத்திக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெண்மதி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"செம்மங்குப்பம் டீக்கடையில உங்கப்பா டீய வண்டிக்கே வாங்கியாந்து குடுப்பாரு, நான் எறங்குனதே இல்ல," என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "அந்தக் கடையில உள்ள உக்காந்து குடிக்க எடம் இருக்குமாடி?"