துணைக்கால்

அடுத்தவன் நிலத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத பிள்ளையை வைத்திருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர் ஸ்ரீரங்கத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். கிழக்கு உத்திர வீதி கோபு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

எதிர் வீட்டு மணவாளன் அவருக்குச் சித்தப்பா பிள்ளை. கோயிலில் குடும்பத்து உபயத்தின்போது முதல் தீர்த்தம் யாருக்கு என்பதில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. மூத்தவன் வழிக்கு என்றார் கோபு. செலவு செய்பவனுக்கு என்றான் மணவாளன். அதன்பிறகு ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தில் பைக் சறுக்கி மணவாளனின் மகன் கேஷவுக்கு முதுகெலும்பு முறிந்தது. கோபு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மனைவி ஹம்ஸாவை அனுப்பினார். அந்த வாரம் முழுக்க மணவாளனுக்காக மனம் இளகித்தான் இருந்தது. அப்படியே இருந்திருக்கும். ஆனால் எதிர் வீட்டில் ஒவ்வொன்றாக வந்து இறங்க ஆரம்பித்தது.

முதலில் சக்கர நாற்காலி வந்தது. பிறகு வாசற்படியை மூடி சிமென்ட் சரிவு போட்டார்கள். பிறகு இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கேஷவ் தானே அதை ஓட்டிக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போய் வந்தான். தெரு முழுக்க ஒரே பேச்சு: "மணவாளன் எப்படி அலைஞ்சு வாங்கிட்டார் பாத்தேளா!" அந்த ஸ்கூட்டரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோபுவுக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அவர் வீட்டு மாடியில் பூமா இருந்தாள்.

பூமாவுக்குப் பிறவியிலேயே கால் இரண்டும் நிற்காது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும். பழகியவர்களுக்குத் தெளிவாகப் புரியும். அவள் பிறந்த சமயம் கோபுவின் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் வரன் கலைந்துவிடும் என்று மாடியறையில் வைத்தார்கள். தங்கைக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் ஆயிற்று. காரணம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. குடும்பத்தின் பெயரைக் காப்பது சாமானிய வேலையில்லை. ஒரு தடவை மூடியதைத் திறக்க அதைவிடப் பெரிய பலம் வேண்டும்.

ஒரு நாள் பூக்கட்டும் குமுதவல்லி மாமி வாசலில் நின்று, "உங்க பொண்ணைக் கண்ணிலயே காணோமே?" என்று கேட்டாள். ஹம்ஸா தயங்கி, "மாடியில இருக்கா" என்றாள். காது மந்தமான மாமிக்கு அது "மடியா இருக்கா" என்று விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அதிலிருந்து தெருவில் பூமா என்றால் மடி. யாரையும் தொடாமல், எங்கும் போகாமல், பெருமாளையே நினைத்துக்கொண்டிருக்கிறவள். கல்யாணப் பத்திரிகையை மாடிப்படியில் வைத்து, "அவ பார்வை பட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கோபு திருத்தவில்லை. வெட்கமாக இருந்தது மரியாதையாக மாறி வந்தால் எந்த மனிதன் வேண்டாம் என்பான்?

அன்று மாலை ஸ்கூட்டர் எதிர் வீட்டுச் சரிவில் ஏறியது.

"ஹார்னை மாத்திட்டான்ப்பா" என்றாள் பூமா, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி.

"ஊருக்கே கேக்கணுமோல்லியோ" என்றார் கோபு.

ஹம்ஸா டம்ளரோடு மேலே வந்தாள். "ஏன்னா, அம்மா மண்டபம் ரோட்டுல கல்யாண மண்டபத்துல மாற்றுத்திறனாளிகள் முகாமாம். ரெண்டு நாள். ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிண்டு போறா."

"சொல்லட்டும்."

"நான் போகணும்ப்பா" என்றாள் பூமா. "டாக்டர் நேர்ல பாக்கணும். பாத்துச் சான்று குடுத்தாத்தான் அட்டை. அட்டை இருந்தாத்தான் நாற்காலி."

"நம்மாத்துல அதெல்லாம் வழக்கமில்லை."

"கால் நடக்காதது மட்டும் வழக்கமா?"

தினமும் காலையில் கோபுதான் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே குளியலறைக்கு இறங்குவார், திரும்ப ஏறுவார். ஹம்ஸாவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. கொஞ்ச நாளாக இடது முட்டியில் இறங்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் பூமாவுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்க முட்டி போனா, நான் மேலயே கிடக்கணுமாப்பா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். கோபு டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

மறுநாள் அவர் மட்டும் தனியாக முகாமுக்குப் போனார். கரை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

முதல் மேஜையில் பிலோமின்ராஜ் என்ற தொண்டு நிறுவன ஊழியர் உட்கார்ந்திருந்தார். "உக்காருங்க ஐயா. யாருக்கு?"

"தெரிஞ்சவா ஒருத்தரோட பொண்ணுக்கு."

"கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"அவ வரமாட்டா. கௌரவமான குடும்பம்."

பிலோமின்ராஜ் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கைக்குழந்தையோடு ஒரு தாய், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு காலேஜ் பெண்கள். "இவங்க எல்லாம் என்ன குடும்பம்னு நெனைக்கிறீங்க?" என்றார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். "பரவாயில்லைங்க ஐயா. வர முடியாதவங்கன்னா நாங்களே டாக்டரோட வீட்டுக்கு வருவோம். தெருப் பேரைச் சொல்லுங்க, வேன் அனுப்பறேன்."

பக்கவாட்டில் பெரிய எழுத்து எழுதிய வேன் கிழக்கு உத்திர வீதியில் தன் வாசலில் வந்து நிற்பதை கோபு நினைத்துப் பார்த்தார். எதிர் வாசலில் மணவாளன் நின்று அதைப் பார்ப்பதையும். "அவாளைக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துகொண்டார்.

அப்போதுதான் மணவாளனைப் பார்த்தார். சட்டையில் தொண்டர் அட்டை குத்திக்கொண்டு, ஆட்கள் சூழ நடுவில் நின்றிருந்தான். மருங்காபுரியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த காளியாயி என்பவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னாத்தான் சார் எனக்கு வெளங்குது" என்றாள்.

"கவலைப்படாதம்மா" என்றான் மணவாளன். "டாக்டர் நேர்ல பாக்கணும். பாத்துச் சான்று குடுத்தாத்தான் அட்டை. அட்டை இருந்தாத்தான் நாற்காலி."

கோபுவுக்கு அந்த வார்த்தைகளை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை, நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. துக்கத்திலும் இவனுக்கு முதல் தீர்த்தமா? மகன் விழுந்ததையே ஒரு பட்டமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறானே! தனக்கும்தான் இருக்கிறது, முப்பது வருஷத்துத் துக்கம். அதற்கு யார் கை கூப்பினார்கள்?

மணவாளன் திரும்பினான். கண்கள் சந்தித்தன. பிலோமின்ராஜிடம் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அவனிடமிருந்துதான் வந்தது.

"அந்தத் தெரிஞ்சவா பொண்ணை நாளைக்கு அழைச்சிண்டு வரச் சொல்லுங்கோ அண்ணா. நாளைக்கும் முகாம் உண்டு."

பெருந்தன்மையைவிட எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை. கோபு குடையை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை, பூமாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நடுப்படியில் முட்டி மடங்கியது. விழவில்லை. சுவரில் தோளை உரசிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூமா மடியில் இருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. ஹம்ஸா ஓடி வந்து கையைப் பிசைந்தாள்.

"அடி படலயே?" என்றார் கோபு.

"இல்லைப்பா." பூமாவின் கழுத்தில், ஹம்ஸா தைத்துக் கொடுத்த துணிப்பையில் போன் தொங்கியது. இடது கையால் எடுத்தாள். "யாருப்பா அந்தத் தெரிஞ்சவா பொண்ணு?"

கோபு திடுக்கிட்டார். "யார் சொன்னா உனக்கு?"

"கேஷவ். அவன் அப்பா ராத்திரி அவன்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாராம். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேர்ந்து நாங்க போன்ல பேசிண்டுதான் இருக்கோம். சாகணும்னு புலம்பிண்டிருந்தான். நான்தான் திட்டினேன்."

"நீயா?"

"எந்த ஆபீஸுக்குப் போகணும், எந்த முகாம் எப்போ, மனுவை எப்படி எழுதினா திருப்பி அனுப்பமாட்டா, எல்லாம் நான் தேடிக் குடுத்தது. அந்தச் சரிவு எவ்வளவு சாய்வா இருக்கணும்கிறதுகூட. அவன் அப்பா போய் நின்னார், கிடைச்சுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. போய் நிக்கத்தான் ஆள் இல்லை."

ஹம்ஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூமா அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"எழுத்து நீங்கதானே சொல்லிக் குடுத்தேள். மானாவுக்குப் பக்கத்துல ஒரு துணைக்கால் போட்டா மாடி. அதை எடுத்துட்டா மடி. என் துணைக்காலை எடுத்துட்டு எனக்கு மடின்னு பேர் வச்சுட்டேள். அதைத் திருப்பிக் குடுங்கோப்பா. போறும்."

எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் போட்டுக் காட்டிய கை, படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோபுவின் கண் கலங்கியது உண்மை. ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் உள்ளே கிளம்பிவிட்டது. அப்படியானால் இரண்டு வருஷமாக அந்த மணவாளன் வாங்கிக்கொண்டிருக்கும் மரியாதை யாருடையது? ஊரே அவனைக் கும்பிடுகிற அந்த ஞானம் யார் வீட்டு மாடியிலிருந்து போனது?

"கூப்பிடு" என்றார்.

"யாரை?"

"அவனைத்தான். எதிராத்துக்காரனை."

மணவாளன் செருப்பைக்கூடப் போடாமல் வந்தான். படிக்குக் கீழே நின்று, "அண்ணா, எந்தப் பக்கம் பிடிக்கட்டும்?" என்று கேட்டான்.

"கால் பக்கம். தலைப்பக்கம் நான்."

"முட்டியை வச்சிண்டு நீங்க எப்படி..."

"தலைப்பக்கம் நான்தான்னு சொன்னேனே."

மணவாளன் கை கொடுத்து அவரை எழுப்பி நிறுத்தினான். கோபு பல்லைக் கடித்துக்கொண்டு மகளின் தோள்களைத் தாங்கினார். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நடுவில் தொங்கிய பூமா சிரித்தாள். "பெருமாள் எழுந்தருளறார். சண்டை போடாம நடங்கோ."

பூமாவுக்குக் குளியல் முடிந்து, ஹம்ஸா புதுப் புடவை கட்டிவிட்டதும், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பூக்கூடையோடு வந்த குமுதவல்லி மாமி, எங்கே கை பட்டுவிடுமோ என்று பதறிப் பின்னால் நகர்ந்து, "மடி, மடி, தள்ளிக்கோங்கோ" என்றாள்.

"மடி இல்லை மாமி" என்றாள் பூமா. "மாடி. தொடலாம்."

மாமிக்கு என்ன கேட்டதோ, என்ன புரிந்ததோ. தூக்கிக்கொண்டு போகிறவர்களையும், துவண்டு கிடந்த கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து, அருகில் வந்து, தானே பூமாவின் தலையில் வைத்தாள். கோபு அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டோக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகாமில் பிலோமின்ராஜ் எழுந்து வந்தார். "தெரிஞ்சவங்க பொண்ணுங்களா ஐயா?"

கோபு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் சொன்னார்: "என் பொண்ணு. பூமா."

டாக்டர் ஆரிஃபா பூமாவின் கால்களையும் கையையும் பொறுமையாகச் சோதித்தார். கேள்விகளை கோபுவிடம் கேட்காமல் பூமாவிடமே கேட்டார். அவள் முடிக்கும்வரை காத்திருந்து எழுதிக்கொண்டார். சான்றுக்குப் பரிந்துரை செய்துவிட்டு, "இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்றார்.

"மாடியில" என்றாள் பூமா.

வெளியே காளியாயி மறுபடியும் வந்திருந்தாள். நேராக மணவாளனிடம் போய், "சார், நீங்க சொன்ன மாதிரியே..." என்று ஆரம்பித்தாள்.

கோபுவால் பொறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே நடுவில் போய் நின்றார். "அவன் சொன்னது இல்லைம்மா. அதெல்லாம் இவ சொன்னது. என் பொண்ணு சொன்னது."

"ஆமாம்மா" என்றான் மணவாளன், கொஞ்சமும் முகம் மாறாமல். "எல்லாம் இவ சொன்னதுதான். நான் வெறும் மைக்."

காளியாயி மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பூமாவின் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பூமா இழுத்து இழுத்துப் பேசினாள்; அவர்கள் குனிந்து கேட்டார்கள். கோபு பக்கத்தில், கம்பத்தைப் போல நிமிர்ந்து நின்றார். மணவாளன் அதைப் பார்க்கிறானா என்று இரண்டு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் முகத்தில் எரிச்சல் துளிக்கூட இல்லாதது கோபுவுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

புது நாற்காலி வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் இரவலாக ஒன்றைக் கொடுத்தார் பிலோமின்ராஜ். கோபு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், இருக்கையைத் தட்டிப் பார்த்தார். கைப்பிடியில் உறை கிழிந்திருந்தது. "எதிராத்துப் பையனோடது இப்படி இல்லையே" என்றார்.

"அப்பா!" என்றாள் பூமா.

முகாம் முடிந்த இரண்டாம் நாள் கோபு தன் வாசிப்பறையைக் காலி செய்தார். தெருவைப் பார்த்த அறை அது. பூமாவின் கட்டில் அங்கே இறங்கியது. மேஸ்திரி பெரியண்ணன் வந்து வாசற்படியை அளந்தான்.

"எதிராத்துச் சரிவு எவ்வளவு அகலம்னு பாத்துண்டு வா" என்றார் கோபு.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அதைவிட ஒரு சாண் கூட இருக்கட்டும்."

"நாற்காலிக்கு அவ்வளவு தேவைப்படாதுங்க ஐயா."

"நாற்காலிக்கு இல்லைப்பா" என்றார் கோபு.