மூன்று மணி பத்து நிமிடம்

…பெரிய பைதான் வேண்டும், ஆனால் பெரிய பை என்று பார்த்தவுடனே தெரியக் கூடாது, இதை இந்தக் கடைப் பெண்ணிடம் எப்படிச் சொல்லிக் கேட்பது, இருபத்து மூன்று வயதுக்காரி தோளில் மாட்டினால் அழகாக இருக்கவேண்டும், உள்ளே ஒரு மாற்று உடையும் சீப்பும் அடங்கவேண்டும், அதற்காக மூட்டை முடிச்சு மாதிரியும் இருக்கக் கூடாது, இதையெல்லாம் சொன்னால் எதற்கு என்று கேட்பாளே. கேட்கத்தான் செய்தாள். “யாருக்குக்கா?” தங்கச்சி பொண்ணுக்கு என்றேன். என்னையே மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டாள். பச்சை நிறத்தில் அத்தனை அழகான பை, அதை மாட்டிக்கொண்டு நிற்கிறவளைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஜிப்பைத் திறந்து கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று, போதும். வேலை முடிந்த கையோடு பேருந்து ஏறி பெரியம்மா வீட்டுக்குப் போய்விடலாமே என்று இந்தப் பை அவளுக்கு என்றைக்காவது ஞாபகப்படுத்தாதா… பதினான்கு மாதமாக ஞாபகம் வராதவளுக்குப் பை வந்து சொல்லப்போகிறதாக்கும். இருந்தாலும் இதையே கட்டச் சொன்னேன். சனிக்கிழமை வருகிறாள் அணில், தங்கச்சி பொண்ணை நான் கூப்பிடுவது அப்படித்தான். மத்தியானம் வந்து ஆறே கால் பேருந்தில் திரும்புகிறாளாம், போன வாரம் போனில் சொன்னாள், இருந்துட்டுப் போயேன் என்று நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை, கேட்டு அவள் முடியாது என்றுவிட்டால் அந்த வாரம் முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா.

கம்மல் தட்டு முன்னால் அரை மணி நேரம் போயிற்று. நாளெல்லாம் பார்ப்பது காதுகளைத்தான், ஆஸ்பத்திரியில் கேட்கும் திறன் சோதிக்கிற வேலை, இருபத்தோரு வருஷம், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள், இந்தப் பக்கம் நான், காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். அணிலின் இடது காதில் துளை கொஞ்சம் மேலே போய்விட்டது, நீளமாகத் தொங்குகிற எதைப் போட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், அதோடு இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவாள், குத்தும். அதனால் காதோடு ஒட்டினாற்போல் சின்னது, மழைத்துளி அளவு, கழற்றாமலே தூங்கலாம்… பார்த்தாயா, பையிலும் தூக்கம், கம்மலிலும் தூக்கம், குளியலறையில் புது பல்துலக்கி வேறு உறை பிரிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது, நான் பாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டே போகிறேன். நான்கு வருஷம் என் வீட்டில் தங்கிப் படித்தவள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். எதைக் கொடுத்தாலும் அப்போதே தின்னாமல் பைக்குள் பதுக்கி வைப்பாள், அப்படி வந்த பெயர்தான் அணில். அவள் போனபின் மூலையில் கிடந்த பழைய பை ஒன்றை உதறினேன், நான் கொடுத்த கடலை மிட்டாய் நான்கு விழுந்தன, அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன், மிட்டாய்க்காகவா அழுவார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன், கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் என் உண்மையான சாமர்த்தியம் பையிலும் இல்லை, கம்மலிலும் இல்லை. படத்தில் இருக்கிறது. கண்ணாடிக் காட்டில் தொலைந்த அண்ணனைத் தேடி ஒருத்தி பறக்கும் படகில் போவாளே, அந்தப் படம், படகை ஓட்டுவது ஒரு நத்தை, அதனால்தான் படம் மூன்று மணி பத்து நிமிடம் ஓடுகிறது என்பாள் அணில். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, ஒரே போர்வைக்குள் நாலு கால்… காடு உடைகிற இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன், “வீட்டுலயுமா டெஸ்ட் பண்றீங்க பெரியம்மா” என்று ரிமோட்டைப் பிடுங்குவாள். அவள் போனபிறகு அலமாரியில் டிஸ்க்கைக் காணோம், போனில் கேட்டேன், “அதை நான் எடுத்துட்டு வந்துட்டேன் பெரியம்மா, அது இல்லாம எப்படி?” என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன், அங்கே எங்கேயோ ஒரு அறையில் நம் நத்தை படகு ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று. சரி, அங்கே ஒன்று இருந்தால் இங்கேயும் ஒன்று இருக்கட்டும். சாப்பிட்டு, பேசி, பாத்திரம் கழுவி, மெதுவாக மூன்றே காலுக்குப் படத்தைப் போட்டால் ஆறு இருபத்தைந்துக்கு முடியும். பேருந்து ஆறே காலுக்குப் போயிருக்கும். அடடா, நேரம் போனதே தெரியல பாரு என்று நானும் பதறவேண்டியதுதான், கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கூட வைத்தாயிற்று.

பழைய டிஸ்க் விற்கிற கடை என் வீட்டிலிருந்து இரண்டு தெரு, இத்தனை வருஷத்தில் உள்ளே போனதில்லை, புதிது எங்கேயும் கிடைக்காததால் வந்தேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தார், நத்தை என்றதும் சிரித்துக்கொண்டே கடைசி அடுக்கிலிருந்து உருவித் தந்தார். உறையின் முதுகில் வெள்ளைப் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. கீல் உடைந்தபோது நான் ஒட்டியது. அதன்மேல் நீலப் பேனாவில், ‘நத்தை ஓட்டினால் இப்படித்தான்’… அவள் கையெழுத்து, அந்தத் ‘தை’யை அவளைத் தவிர யார் அப்படி வால் நீட்டி எழுதுவார்கள். பைக்கடைப் பையைக் கீழே வைத்தேன். “ஏம்மா, கீறல் ஏதும் இருக்கா? யாரோ ஒரு பொண்ணு, ஊரை விட்டுப் போறேன்னு ஒரு பெட்டி நிறைய கொண்டாந்து குடுத்துச்சு. மத்ததெல்லாம் போயிடுச்சு, இது மட்டும் ரொம்ப நீளம்னு யாரும் எடுக்கல” என்றார். கீறல் இல்லை என்றேன். போகிற அன்றைக்கா, முந்தின நாளா? பெட்டியை எப்போது தூக்கிக்கொண்டு வந்தாள், நான் டியூட்டியில் இருந்தபோதா?

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. படம் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் கேட்டது யார்… நான்தானே. கடைசி வருஷத்தில் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம், நத்தை வழி தவறுகிற இடத்தில் நான் சிரித்து முடித்தபிறகு அவள் சிரிப்பு வரும், ஒரு நொடி தள்ளி. அது எனக்குக் கேட்கவில்லை, எனக்கு! எங்கள் சோதனை அறையில் சிலர் சத்தமே அனுப்பாதபோதும் பொத்தானை அழுத்துவார்கள், கேட்டுவிடவேண்டும் என்கிற ஆசை, பாவமாக இருக்கும், திரும்ப முதலிலிருந்து செய்வேன். பதினான்கு மாதமாக நானும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேனா… ஆனால் அவள் ஏன் பொய் சொல்லவேண்டும், வித்துட்டேன் பெரியம்மா என்றால் நான் என்ன செய்திருக்கப் போகிறேன், மனசு நோகும் என்று நினைத்தாளே, அது எதில் சேர்த்தி, அதுவும் ஒன்றுமில்லையா? எங்கள் வீட்டுப் பொண்ணு, பொய்யை அப்படியே என்னை மாதிரி இனிக்க இனிக்கச் சொல்கிறாள்.

“வேற கவர் இருக்குமா?” என்று கேட்டேன். சுத்தமான உறை ஒன்றில் மாற்றிக் கொடுத்தார். புதிதாக வாங்கியது என்று சொல்லிவிடலாம், அவளும் நம்பிவிடுவாள், இல்லை நம்பின மாதிரி இருப்பாள். பிளாஸ்திரி ஒட்டிய பழைய உறையை மேஜையிலேயே விட்டுவிட்டு வாசல் வரை வந்தேன், திரும்பிப் போய் அதையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தெருவில் வெயில் இன்னும் இருந்தது. நிறுத்தத்தில் யாருமில்லை, வெறும் பலகையில் நேரப் பட்டியல், அவள் ஊர்ப் பேருந்து, ஆறு பதினைந்து. படத்தை மூன்றே காலுக்குப் போடவேண்டாம். இரண்டு மணிக்கே போட்டுவிடுகிறேன்… ஐந்து பத்துக்கு முடிந்துவிடும், அதன்பிறகு ஒரு மணி நேரம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் அவள் கிளம்பப் பையை எடுப்பாளா, இன்னிக்கு இருந்துட்டுப் போறேன் என்பாளா, நான் ஒன்றும் சொல்லக் கூடாது, பல்துலக்கியைக்கூட ஒளித்துவைத்துவிட வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருப்பது எனக்குப் பழகின வேலைதான், பயப்பட என்ன இருக்கிறது… ஆனால் அங்கே, சத்தம் அனுப்பினேனா இல்லையா என்பதாவது எனக்குத் தெரியும்.