மனுவில் இல்லாத அலமாரி

மயக்கம் வந்ததாகச் சொன்னால் என்ன? ஒரே ஒரு பொய்தானே. எத்தனையோ நாள் நிஜமாகவே மயக்கம் வந்து, யாருக்கும் தெரியாமல் நின்று சமாளித்திருக்கிறேன்.

பெருமாயி திறந்த பேனாவோடு கையிலிருந்த மனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு திண்டுக்கல் லேபர் ஆபீசில் விசாரணை. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் பாண்டி மனுவை வாசித்துக் காட்டியிருந்தார்: மயங்கி விழப் போனவள் சுவரைப் பிடித்தபோது ஆபத்துச் சங்கின் பிடியில் கை பட்டுவிட்டது.

கை படவே இல்லை. செம்பட்டி ரோட்டு மில்லில் பெண்களின் தூக்குவாளிகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. காலனிக்காரியான பெருமாயியின் வாளி அதில் ஏறக் கூடாது. எட்டு வருஷமாக மூலையில், தரையில்தான். அன்று மூலை முழுக்கக் கழிவுப் பஞ்சு மூட்டைகள். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பிடியில் வாளியை மாட்டினாள். கூழின் கனத்தில் பிடி இறங்கியது. சங்கு அலறியது. தீ என்று நினைத்து மில்லே வெளியே ஓடியது. மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

"உள்ளதையே எழுதுங்கண்ணே."

"ஏத்தா, அலமாரிய எழுதுனா முதலாளியவா இழுக்கும்? நம்ம பொம்பளைகளத்தான் இழுக்கும். சங்கம் ரெண்டாப் போயிரும்."

"மதினி வாளியும் அதுலதானண்ணே இருக்கு."

பாண்டியின் மனைவிக்கும் அதே மில்லில்தான் வேலை. அவர் சிரிக்க முயன்றார். நல்ல மனிதர். இந்த வீட்டில் கை நனைத்தவர். அவளுக்காக மூன்று நாள் மில் வாசலில் வெயிலில் நின்றவர். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை.

"போடுடி கையெழுத்த," என்றான் கணவன் மலைச்சாமி. "பெரிய கலெக்டரு, யோசிக்கிறா! இம்புட்டு ரோசக்காரி எட்டு வருசம் ஏன்டி தரையில வச்ச?"

தரையில் இருந்தால்தான் கூழ் குளிர்ச்சியாக இருக்கும் என்று இத்தனை காலம் தனக்குத்தானே சொல்லிவந்திருக்கிறாள். அதை இப்போது யாரிடம் சொல்ல?

"கையெழுத்து இல்லேன்னா என்னால ஒண்ணுஞ் செய்ய ஏலாதுத்தா," என்றார் பாண்டி. "போட்டேன்னா, வேலை திரும்பக் கெடைச்சிரும். அதுக்கு நான் பொறுப்பு."

"கெடைச்சா, வாளிய எங்கண்ணே வைக்க?"

"இதென்ன கேள்வி? எப்பவும் வைக்கிற எடத்துலதான்."

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார்.

பெருமாயி பேனாவை மூடினாள். மனுவின் மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாச்சுண்ணே. கெளம்புங்க."