பூதக்கண்ணாடி எண்ணிய செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால், மரபணு உடைந்த செல்லுக்குள் சின்னப் பொட்டாக ஒரு துணுக்கு தனியே தெரியும். அதை எண்ணுவதுதான் அவள் வேலை. எந்தத் தகடு ரசாயனம் குடித்த எலியுடையது, எது ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெய் குடித்ததுடையது என்று எண்ணுகிறவளிடம் மூச்சுவிட மாட்டார்கள். தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம்.

இந்த முறை அவளுடைய பாழாய்ப்போன மூக்கு சும்மா இருக்கவில்லை. எலிக்கூண்டு அறையைக் கடந்தபோது அடித்த நெடி, செருப்புப் பட்டறையில் பசை தடவும் தங்கையின் துணியில் தினமும் வீசுகிற அதே நெடி. தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். ஆய்வுக்கூடத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி அந்த வேலையிலிருந்து விலகியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

முதல் கட்டுத் தகடுகளிலேயே பொட்டுகள் தெரிந்தன. இதுதான் அந்தச் சனியன் என்று முடிவு கட்டி, சந்தேகமான பொட்டையெல்லாம் கணக்கில் சேர்த்தாள். அடுத்த கட்டு எண்ணெய்தானே என்று மளமளவென்று தள்ளிவிட்டாள். அன்று மாலையே தங்கையை வேலையிலிருந்து நிறுத்தினாள். மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டோடு கிடக்கிறான், தங்கையின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் அக்கா சொல்லுக்கு அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

எந்தக் கட்டு எதனுடையது என்று மறைத்து வைத்திருந்த குறியீட்டைத் திறந்தபோது குட்டு உடைந்தது. பொட்டு நிறைந்த கட்டு எண்ணெய் குடித்த எலிகளுடையது. சாயத் துகளைப் போய் உடைசல் என்று எண்ணியிருந்தாள். அவசரமாகத் தள்ளிய கட்டுதான் ரசாயனம். தலைவர் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவரோ மறுபடி எண்ணச் சொல்லி இரண்டு கட்டையும் இன்னொருவர் மேசைக்கு மாற்றினார்.

அன்றைக்கே தங்கை போன் செய்தாள். நாளைக்கு வராவிட்டால் பட்டறையில் வேறு ஆள் வைத்துவிடுவார்களாம்.

"எலி என்னக்கா ஆச்சு?"

"தெரியலடி."

"அன்னிக்கு அவ்ளோ உறுதியா சொன்னே?"

"பயந்துட்டேன். பயத்துல தப்பா எண்ணிட்டேன். இன்னொருத்தர் எண்ணி முடிக்கிற வரைக்கும் போகாதே."

அதுவரைக்கும் வீட்டில் என்னத்தைச் சாப்பிடுவது என்று தங்கை கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அக்காவை அறுத்தது.

மறுநாள் காலை தங்கை பட்டறைக்குப் போய்விட்டாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்று மாப்பிள்ளை போனில் சமாதானம் சொன்னான்.