p-க்குப் பின்னால் வரும் எண்

நிரல் எழுதுகிறவர்கள் அவசரத்தில் கிறுக்கிவைக்கும் விளக்கக் குறிப்புகளை மனுஷர்களுக்குப் புரிகிற மாதிரி திருத்தி எழுதுவதுதான் அவள் வேலை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு புகார் வந்திருந்தது.

"திரையில் 0x1.8p+3 என்று வந்தது. பதினாறடிமானத்தில் 1.8 என்றால் ஒன்றரை, அது தெரியும். 'p-க்குப் பின்னால் வரும் அடுக்கு தசமம்' என்று உங்கள் விளக்கப் பக்கம் சொல்கிறது. பத்தின் மூன்றாம் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு ஆயிரத்தைந்நூறு போட்டேன். சரியான விடை பன்னிரண்டாம். இரண்டு நாள் பாழ்."

அவர்மேல் தப்பில்லை. அந்த மூன்று தசம இலக்கத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். பெருக்கவேண்டியது இரண்டின் மூன்றாம் அடுக்கான எட்டால்.

அந்த வரியை எழுதியது யார் என்று பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். அண்ணன். தேதி, அப்பா போன நாள். நேரம் காலை பத்து நாற்பது.

அன்றைக்குப் பதினொன்றே காலுக்குத்தான் அப்பாவின் மூச்சுக் கருவியை எடுக்கச் சொல்லி அவன் கையெழுத்துப் போட்டான். அவள் விமானம் தரையிறங்கும்போது மணி மூன்று. அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷமாக ஒரே கட்டடத்தில் அவள் நாலாவது மாடி, அவன் ஏழாவது. கூடப்பிறந்தவர்கள் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

"எழுதினவரைக் கேக்காம கை வைக்காதம்மா," என்றார் மேலாளர். "ஆள் கொஞ்சம் சிடுமூஞ்சி. பாத்துப் பேசு."

"தெரியும் சார்."

ஏழாவது மாடிக்கு ஏறிப் போனாள். அவன் தலை நரைத்திருந்தது. பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தான். அவள் உட்காரவில்லை. புகாரை நீட்டினாள். இரண்டு தடவை படித்தான்.

"நான்தான் குழப்பியிருக்கேன்."

"'இரண்டின் அடுக்கு, அந்த அடுக்கு தசம இலக்கத்தில் எழுதப்படும்.' இப்படிப் போடவா?"

"போடு. இந்த உதாரணத்தையும் சேத்துக்கோ. அச்சிடுற கட்டளையில சின்ன a-க்குப் பதிலா பெரிய A போட்டா எல்லா எழுத்தும் பெருசா வரும், P உட்பட. அதையும் எழுதிடு."

குறித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தேன்," என்றான் திரையைப் பார்த்தபடி. "டாக்டர் ஒரு மணி நேரம் யோசிக்கச் சொன்னார். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. என்னத்தையோ எழுதினேன்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்."

"நீ விமானத்துல இருந்தே, வாலு."

உண்மைதான். இரண்டு வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

"சரி, நான் வரேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்றரைக்குத் திருத்தம் வெளியானது. சாயங்காலம் புகார்க்காரர் "இப்போது புரிகிறது, நன்றி" என்று எழுதியிருந்தார். அதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பிட வரச் சொல்றா உங்க அண்ணி."

'பார்க்கலாம்' என்று அடித்தாள். அழித்தாள். 'வரேன்' என்று அனுப்பினாள். சந்தோஷமும் இல்லை, சங்கடமும் இல்லை. அடுத்த புகாரைத் திறந்தாள். யாருக்கோ நேர மண்டலம் குழம்பியிருந்தது.