மேலே சுட்ட குறி

கபன் துணியை மீராசாவின் முகத்தில் மட்டும் விலக்கிவிட்டு ஆண்கள் ஒதுங்கினார்கள். நபீஸா மகள் றுஸ்தாவின் தோளைப் பிடித்தபடி வந்து புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சு. கற்பூர வாசனை.

பள்ளிவாசலிலிருந்து, உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வாசலுக்கு வந்துவிட்டது. மகன் நிஸாம் குனிந்தான்.

"உம்மா, வாப்பாவப் பொறுத்துட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க. தூக்கப் போறம்."

பெண்சாதி பொறுக்காத மையித்தைக் கபுறுக்குழி நெருக்கும் என்பது ஊர்ப் பேச்சு. வாசலில் நின்றவர்கள் காதுகொடுத்தார்கள். நபீஸா கபன் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

அவளுடைய வாப்பா வீட்டோடு மாட்டுப்பட்டியையும் சீதனமாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பசுவின் தொடையிலும் அவளுடைய தாய்க்குடியின் குறி: ஒரு பிறை, கீழே ஒரு கோடு. வயலுக்கு அப்பால் மேய்ச்சல் தரையில் குடில் போட்டு, சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பிப் பால் கறந்தவள் அவள். தயிர்ச் சட்டிகளைக் கல்முனைக் கடைகளுக்கு ஏற்றிப்போனவர் மீராசா. மீராசாட பட்டி என்றுதான் ஊர் சொன்னது. அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு நாள் அவர் ஆட்களோடு வந்தார். மாடுகள் மிரண்டு பற்றைக்குள் கலைந்தன. ஊசி போட வேண்டும், நீ கூப்பிட்டால்தான் வரும் என்றார். கூப்பிட்டாள். அவளுடைய குரலை நம்பி ஒவ்வொன்றாக அடைப்புக்குள் வந்தன. நெருப்பில் சூட்டுக்கோல் கிடந்ததை அதன் பிறகுதான் கண்டாள். பிறைக்கு மேலேயே அவருடைய பெயரின் முதலெழுத்தைச் சுட்டார்கள். மயிர் கருகிய நாற்றம் குடிலை விட்டுப் போகவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஒரு பசுவும் அவள் கைக்குப் பால் விடவில்லை.

மாரிக்கு முன் பட்டியை விற்று லொறி வாங்கினார். தரகன் மேலே சுட்ட குறியைப் பார்த்தான், அவளைக் கேட்கவில்லை. லொறியையும் பிறகு சுனாமி கொண்டுபோனது.

"மச்சி, மவுத்தாப்போன மனிசன்," என்றாள் மீராசாவின் தங்கை பாத்தும்மா. "இன்னும் என்னத்தப் புடிச்சுக்கிட்டு இரிக்கீங்க?"

நபீஸா நிஸாமை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குச் செஞ்சதப் பொறுத்துட்டன், மகன். மாடுகளுக்குச் செஞ்சத நான் எப்பிடிப் பொறுக்கிற? அத அதுகள்ட்டத்தான் கேக்கணும்."

யாரோ இருமினார்கள். நிஸாம் எழும்பி வாசலுக்குப் போனான்.

"உம்மா பொறுத்துட்டா," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

சந்தூக்கு எழும்பியது. கலிமாச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போனது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பால் தேத்தண்ணியை றுஸ்தா கொண்டுவந்து கையில் வைத்தாள். நபீஸா கோப்பையைச் சாய்த்து, பழக்கத்தில், பாலாடையை ஒதுக்க ஊதினாள்.

பால்மாத் தூளில் கலக்கிய தேத்தண்ணி. ஒதுங்குவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.